தீர்த்தாரப்பன் எடுக்கும் குரூப் போட்டோ

செந்தேரியில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபம் எது, சமையல் யார், மேளம் எந்த ஊர் என்பதெல்லாம் பிறகுதான், தாம்பூலம் மாற்றிய தட்டை உள்ளே கொண்டுபோய் வைப்பதற்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி கேட்கும் முதல் கேள்வி "போட்டோ யாரு, ரூபனா, தீர்த்தாரப்பனா?" என்பதாகத்தான் இருக்கும், ஏனென்றால் ரூபன் எடுத்தால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மட்டும் படத்தில் இருப்பார்கள், தீர்த்தாரப்பன் எடுத்தால் அந்த வீட்டில் செத்தவர்களும் இருப்பார்கள்.

முதலில் வந்தவர் எண்ணெய்க்கடை பொன்னையா. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கடைசி மகள் கல்யாணத்தில், பின்வரிசையில் ஓரமாக, தோளில் துண்டோடு, வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார். அவரை அடக்கம் செய்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீட்டார் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தார்கள். "நிக்கச் சொன்னேன், நின்னாவ, எடுத்தேன். யாரு உசுரோட இருக்கா, யாரு இல்லன்னு நான் கேட்டா எடுக்க முடியும்?" என்றான் தீர்த்தாரப்பன். பொன்னையாவின் சம்சாரம் மட்டும் சண்டையில் கலந்துகொள்ளாமல் படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், "எளச்சிட்டாவ" என்று சொல்லிவிட்டுப் படத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு யார் என்ன கேட்க?

அடுத்த முகூர்த்தத்தில் மூன்று பேர் வந்தார்கள், அதற்கடுத்ததில் ஒன்பது பேர். கேமராவில்தான் கோளாறு என்று சொன்னவர்களுக்காக அவன் பிலிம் கேமராவைக் கடாசிவிட்டுப் புதிதாக டிஜிட்டல் வாங்கினான். செத்தவர்கள் முன்னைவிடத் தெளிவாக, நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்படி வந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சடங்கு வீட்டுக்கும் காதுகுத்துக்கும் அவர்கள் வருவதில்லை. கல்யாணத்துக்கு, அதிலும் குரூப் போட்டோவுக்கு மட்டும்தான் வந்தார்கள். ரத்த சொந்தமும் தாலி கட்டிய சொந்தமும்தான், அதுவும் நெருங்கிய சொந்தம் மட்டும் வந்தது. கடலில் போய்ப் பிணம் கிடைக்காதவனும் வந்தான், பால்குடி மறக்காமல் போன பிள்ளையும் யாரோ ஒரு பெரியம்மா இடுப்பில் இருந்துகொண்டு வந்தது. கோபித்துக்கொண்டு வராமல் இருந்தவர் என்று செத்தவர்களில் ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. அந்த மரியாதை உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் இல்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

ஊர் இதற்குப் பழகிப்போக நாலைந்து முகூர்த்தத்துக்குமேல் ஆகவில்லை. மகமை மண்டபத்து மேடையை இரண்டு பக்கமும் நாலடி இழுத்துக் கட்டினார்கள். படம் எடுக்க நிற்கும்போது ஆளுக்கு ஆள் ஒரு முழம் விட்டு நிற்கப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டன. படம் எடுத்து முடிந்ததும் யாரும் சட்டென்று திரும்பி இறங்குவதில்லை, பக்கத்தில் நிற்பவர் மேல் இடித்துவிடக்கூடாதே என்று மெதுவாக, தோளை ஒடுக்கிக்கொண்டு இறங்கினார்கள், அன்று பொழுது சாயும்வரை மேடையைப் பெருக்குவதும் இல்லை. பதிவாளர் ஆபீசில் ஒருமுறை குரூப் படத்தைக் கொடுக்கப்போய், சாட்சிக் கையெழுத்தைவிடத் தலை அதிகமாக இருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை பேருக்கும் ஓட்டு இருந்தால் எனக்கு எதிர்த்து நிற்க ஆளே கிடையாது என்று வார்டு கவுன்சிலர் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லி, ஒவ்வொரு முறையும் தானே சிரித்தார்.

அதற்காக எல்லாருக்கும் தீர்த்தாரப்பன் வேண்டும் என்றில்லை. இரண்டாம் தாரமாகப் போகிறவர்கள் ரூபனைத்தான் கூப்பிட்டார்கள். அவனிடம் டிரோன் உண்டு, புகை விடுகிற மெஷின் உண்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடற்கரையில் ஓடவிட்டு எடுப்பான், அவன் படத்தில் முதல் சம்சாரம் வந்து நிற்கமாட்டாள். சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருப்பதாகப் பெற்றவர்களை நம்பவைத்திருந்த ஒரு பையன், அவன் தங்கச்சி கல்யாணத்துப் படத்தில் ஈரத் தலையோடு தோழிப்பெண்ணுக்குப் பின்னால் நின்றான். அந்த வீட்டில் கல்யாணப் பந்தலைப் பிரிக்கவில்லை, அதே பந்தலில் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் ஊராருக்கெல்லாம் எடுத்த தீர்த்தாரப்பன் தன் ஒரே மகள் கல்யாணத்துக்கு ரூபனைக் கூப்பிட்டான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாதது எது என்பதும் இதற்குள் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது.

பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கும் பூங்கனி தன் மகள் சந்தனமாரிக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது மட்டும் எதிர்வீட்டுக்காரி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரூபன்தான், வேறு யார் என்று ஊரே தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டது.

பூங்கனியின் புருஷன் தவசிமுத்து உப்பு லாரி ஓட்டினான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன் திரும்பவில்லை. நாக்பூருக்கு அந்தப்பக்கம் ஒரு சாலையோரத்தில் லாரி நின்றது, தார்ப்பாய் அவிழாமல், சாவி அதனிடத்தில் தொங்க, உப்பு ஒரு மூட்டை குறையாமல். டிரைவர் சீட்டின்மேல் அவன் துண்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தத் துண்டை மடித்திருந்ததுதான் பூங்கனியைப் பதினான்கு வருஷமாகப் போட்டு அரித்தது. அடித்துப் போட்டவன் துண்டை மடித்து வைப்பானா? மடிக்க நேரம் இருந்தவனுக்கு ஒரு போன் போட நேரம் இருக்காதா? ஒரு நாள் அவன் செத்துப்போனான் என்று தோன்றும், மறுநாள் எங்கேயோ உட்கார்ந்து ரொட்டி தின்கிறான் என்று தோன்றும். செத்துப்போனான் என்று தோன்றுகிற நாட்களில் அவன்மேல் பிரியமாகவும், உயிரோடிருக்கிறான் என்று தோன்றுகிற நாட்களில் கொன்றுபோடுகிற ஆத்திரமாகவும் இருப்பாள்.

ஏழு வருஷம் முடிந்தபோது, சட்டமே செத்தவன் என்று சொல்கிறது, காரியம் பண்ணிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஒப்பவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது கை ஒரு நிமிஷம் தயங்கும், பிறகு வைத்துக்கொள்வாள். விசேஷ வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு அவள் முன்னால் வரும்போது அந்தத் தட்டும் அதேபோலத் தயங்கும். எடுத்துக்கொள்ளச் சொல்வதா, தாண்டிப் போவதா என்று தட்டு பிடித்தவள் திணறுவதைப் பார்த்துப் பார்த்து, தட்டு வருகிற நேரமாகப் பார்த்துப் பூங்கனி கொல்லைப்பக்கம் போய்விடப் பழகியிருந்தாள்.

ஊர் அவளிடம் ஈவிரக்கமாகத்தான் நடந்துகொண்டது, அதையும் சொல்ல வேண்டும். தவசிமுத்துவின் அக்காள் ஞானக்கனி தன் இரண்டு மகன்கள் கல்யாணத்துக்கும் ரூபனையே கூப்பிட்டாள். "என் வீட்டுப் படத்துல வச்சு அவ தாலி எறங்க வேண்டாம்" என்றாள். தவசிமுத்து செத்திருந்தால் தாய்மாமனாக அந்தப் படங்களில் வந்திருப்பான் அல்லவா? அதற்காகச் சொந்தபந்தம் மொத்தமும் பதினான்கு வருஷம் தங்கள் செத்தவர்களைப் பார்க்காமலே கல்யாணம் செய்துகொண்டது.

மாப்பிள்ளை வைகுண்டராஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக வந்தான். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கொண்டுவந்த பேரீச்சம்பழப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, போட்டோவுக்கு யாருட்ட சொல்லியிருக்கிய?"

"இன்னும் சொல்லல மாப்ள. ரூபன்ட்ட சொல்லலாம்னு."

அவன் டம்ளரைப் பார்த்தான். "எங்கம்மா தவறுனப்ப எனக்கு லீவு கெடைக்கல. போன்ல காட்டுனாவ. சிக்னல் விட்டு விட்டு வந்துது அத்தை, அம்மா மொகம் கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சுது. கடைசியா நான் பாத்தது அந்தக் கட்டத்தைத்தான். நாலு வருசமா அம்மைய நெனச்சா அந்தக் கட்டம்தான் வருது, மொகம் வரமாட்டேங்கு."

பூங்கனி பேரீச்சம்பழப் பெட்டியை மேஜையில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள்.

"உங்க நெலம தெரியாம கேக்கல. அப்பாட்டயும் நான் இதப் பேசல. நீங்க முடியாதுன்னா இது இந்த வீட்டு வாசலத் தாண்டாது. எம்மேல வருத்தப்படாதிய, அவ்வளவுதான்."

"சாப்பிட்டுட்டுப் போங்க மாப்ள" என்றாள் பூங்கனி. அவன் நல்ல பையனாக இருந்து தொலைத்ததுதான் கஷ்டமாக இருந்தது. கறாராகக் கேட்டிருந்தால் அவளும் கறாராக இல்லை என்றிருப்பாள்.

வாசலைத் தாண்டாது என்று அவன் சொன்னதைச் சுவர் கேட்டிருக்கும்போல, செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் இரண்டு கட்சியானது. தாயில்லாத பையன் கேட்டிருக்கிறான், கொடுக்கத்தான் வேண்டும் என்றது ஒரு கட்சி. மகள் கழுத்தில் தாலி ஏறுகிற மேடையில் தாய் கழுத்துத் தாலி இறங்குவதா என்றது இன்னொரு கட்சி. படத்தில் தவசிமுத்து வருவானா மாட்டானா என்று டீக்கடையில் பேச்சு நடந்தது. அவன் நடையைப் பார்த்தவன் எவனும் அவன் செத்தான் என்று நம்பமாட்டான் என்றார்கள், அவன் பிள்ளைமேல் வைத்திருந்த பாசத்தைப் பார்த்தவன் எவனும் அவன் உயிரோடிருக்கிறான் என்று நம்பமாட்டான் என்றார்கள். பூங்கனி அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றது. அவள் போனபிறகும் கொஞ்ச நேரம் நின்றே இருந்தது.

ஞானக்கனி வந்தாள். நல்ல உயரமான மனுஷி, உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். "நான் இதுவரைக்கும் உங்கிட்ட கேட்டதில்ல பூங்கனி. ரெண்டு கல்யாணத்துல எங்கய்யாவப் பாக்காம, எங்கம்மாவப் பாக்காம இருந்துட்டேன். எனக்கும் வயசாச்சு. எந்தம்பி இருக்கானா இல்லியான்னு தெரியாமலே நான் போயி, அங்க அவன் நின்னான்னா அவன்ட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"தெரிஞ்சா என்ன மதினி செய்யப்போறோம்?"

"தெரிஞ்சா அழுவேன். இப்ப அதுக்கும் வழியில்லல்லா."

அன்று சாயங்காலம் சந்தனமாரி துணி மடித்துக்கொண்டே, தாயின் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்ம்மா" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன், அடிச்சாலும் பரவால்ல. அப்பா செத்திருக்கணும்னு நான் சின்ன வயசுல சாமி கும்புட்டிருக்கேன். உசுரோட இருந்துட்டு என்னப் பாக்க வராம இருக்காவன்னு நெனைக்கத்தான் எனக்கு ஏலல."

பூங்கனி அடிக்கவில்லை. அவளும் அதே சாமியிடம் அதையே கேட்டிருக்கிறாள், கேட்ட கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் இசக்கியம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் படத்தில் நின்றால் அவள் விதவை, பதினான்கு வருஷமும் விதவைதான், பொட்டு வைத்த ஒவ்வொரு நாளும் பொய். அவன் நிற்காவிட்டால் அவள் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகப்பட்டவள், காத்திருந்த ஒவ்வொரு நாளும் வீண். எது வேண்டுமென்று கேட்பது? பழத்தை அப்படியே வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்தாள்.

அங்கிருந்து நேராகத் தீர்த்தாரப்பன் ஸ்டுடியோவுக்குப் போனாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பதற்கு மாயமந்திரம் எதற்கும் லாயக்கில்லாத ஆள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு ஊர் தாண்டுவதற்குள் மறந்துவிடக்கூடிய முகம்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டாள மட்டும் தனியா நிக்கவச்சு எடுத்தா அவிய மட்டும் வருவாவளா?"

"எடுத்துப் பாத்திருக்கேன் தாயி. ஒருத்தரும் வரல. ரெண்டு பக்கமும் சேந்து நின்னாத்தான் அவியளுக்குக் கல்யாணம்."

"வராம இருந்தா, உசுரோட இருக்காவன்னுதான் அர்த்தமா?"

தீர்த்தாரப்பன் தைலப் பாட்டிலை மூடினான். "எனக்கு அர்த்தம்லாம் தெரியாது. இருபத்தாறு வருசத்துல செத்தவிய வராம நான் பாத்ததில்ல. நான் படத்தப் பெருசா நோட்டம் விடமாட்டேன், வெளிச்சம் சரியா இருக்கான்னு பாப்பேன், கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்துருவேன்." பாட்டிலை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, "ரூபன் நல்ல பையன்தான். நல்லாத்தான் எடுப்பான். நானே அவனைக் கூப்பிட்டேன்ல" என்றான்.

போய்விடலாம் என்று அவள் எழுந்தும்விட்டாள். ஆனால் அந்தப் பையன் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணை விட்டு மறையமாட்டேன் என்றது. சத்துணவு மையத்தில் இருபது வருஷமாகத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தவள் அவள், ஒரு பிள்ளை வாய்விட்டுக் கேட்டபிறகு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து அவன் மேஜைமேல் வைத்தாள்.

"தை பதினெட்டு. காலையில ஏழரைக்கு முகூர்த்தம். சீக்கிரமா வந்துருங்க" என்றாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஞானக்கனியும் அவள் புருஷனும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். தாலி கட்டி முடிந்து, ஆசீர்வாதம் முடிந்து, தீர்த்தாரப்பன் முக்காலியில் ஏறி நின்று "குரூப் போட்டோ" என்றதும் மண்டபத்தில் இருந்த சத்தம் எல்லாம் அடங்கிப்போனது. மேளக்காரர்கள்கூட வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். "நெருக்காதிய, எடம் விட்டு நில்லுங்க, வாரவிய நிக்கணும்லா" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னான். பூங்கனி மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அரக்குப் பட்டு, தலை கொள்ளாத பூ, நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. தன் வலப்பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை தோளை விரித்து நிற்கும் அளவுக்கு இடம் விட்டாள். அந்த இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காததுபோல எல்லாரும் நேரே பார்த்தார்கள். "சிரிங்க" என்றான் தீர்த்தாரப்பன்.

செந்தேரியில் குரூப் படத்தை மறுவீட்டு விருந்தன்று, இலை போடுவதற்கு முன்னால், பெண்வீட்டில் வைத்துப் பிரிப்பதுதான் வழக்கம். பெண்ணின் தாய் கையால்தான் பிரிக்க வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் வீடு கொள்ளாமல் ஆள் இருந்தது. ஜன்னலில் முகங்கள், வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஒரு குழந்தைகூட அழவில்லை. பூங்கனி பழுப்புக் கவரைக் கிழித்துப் படத்தை எடுத்து, தான் பார்க்காமலே வைகுண்டராஜா கையில் கொடுத்தாள்.

"முதல்ல உங்கம்மாவப் பாருங்க மாப்ள."

அவன் பார்த்தான். ராஜபுஷ்பம் அவனுக்கு இடப்பக்கம், அவன் தோளுக்குக் கீழே, கல்யாணத்துக்கென்று எடுத்து உடுத்தாமலே போன பச்சைச் சேலையில் நின்றிருந்தாள். மேல் உதட்டு மச்சம், மூக்குத்தி, சோடாப்புட்டிக் கண்ணாடி, எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு கட்டமும் இல்லை. அவன் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெரிய சத்தமாக, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அவன் அப்பா லிங்கதுரை அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "இப்பம்கூட நேராப் பாக்காம உன்னையேதாம்ல பாத்துக்கிட்டு நிக்கா" என்று சொல்லித் தானும் அழுதார்.

பிறகு படம் பூங்கனி கைக்கு வந்தது. பின்வரிசையில் மாமனார் இருந்தார், மாமியார் இருந்தாள், பூங்கனியின் அய்யா காது கேட்காதவர் வழக்கம்போலக் கையைக் காதில் குவித்துக்கொண்டு நின்றார். அவள் வலப்பக்கத்தில், அவள் விட்ட இடத்தில், மேடைக் கம்பளம் தெரிந்தது. கம்பளத்தின்மேல் உதிர்ந்த நாலு சாமந்தி இதழ் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"எந்தம்பி இருக்கான்" என்றாள் ஞானக்கனி. முகமெல்லாம் சிரிப்பாக அதைச் சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் பூங்கனியைப் பார்த்தாள், சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

பூங்கனிக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான், உள்ளங்காலிலிருந்து கிளம்பிய கோபம். ஐயாயிரம் காலைகள் கண்ணாடி முன்னால் நின்றது, கொல்லைப்பக்கம் ஒதுங்கி நின்றது, மகள் அப்பன் சாகவேண்டுமென்று கும்பிட்டது, எல்லாவற்றுக்கும் அவன் எங்கேயோ சௌக்கியமாக இருந்துகொண்டு துண்டை மடித்து வைக்கிறான். படத்தை இரண்டாகக் கிழிக்க விரல்கள் மடங்கின.

"அம்மா, இது யாரு?" என்றாள் சந்தனமாரி.

பூங்கனியின் இடப்பக்கத்தில், அவள் சேலைக் கொசுவத்தை ஒட்டினாற்போல ஒரு சிறுமி நின்றிருந்தாள். உங்கள் பக்கமா என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டார்கள், இல்லையே, உங்கள் பக்கம் என்றல்லவா நினைத்தோம் என்றார்கள் அவர்கள். படம் கைமாறிக் கைமாறி ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தது. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளில் அப்படி ஒரு பிள்ளை இல்லை. செந்தேரியிலேயே அப்படி ஒரு பிள்ளை இல்லை, ஏனென்றால் கம்பளி ஸ்வெட்டர் வைத்திருக்கிற வீடு இந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. அவள் மெரூன் கலரில் ஸ்வெட்டர் போட்டுக் கழுத்துவரை பித்தான் மாட்டியிருந்தாள். காலில் ஷூ, அதில் ஒன்றுக்கு நாடா அவிழ்ந்திருந்தது. காது குத்தி, கம்மல் போடாமல், துளையில் கறுப்பு நூலை முடிந்துவிட்டிருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில், நெற்றிக்கு மேலே இடப்பக்கம், ஒரு கொத்து முடி மட்டும் படியாமல் எதிர்த்துக்கொண்டு நின்றது. ஞானக்கனியின் கை தானாகத் தன் நெற்றிக்கு மேலே போனது. அங்கே அதே சுழி, நரைத்து நின்றது. அவள் சந்தனமாரியைப் பார்த்தாள். சந்தனமாரி மூன்று நாளாகக் கல்யாணத்துக்கென்று கிளிப் குத்தி அடக்கி வைத்திருந்த அதே சுழி.

யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டது. தவசிமுத்து உயிரோடிருக்கிறான், வடக்கே அவனுக்கு ஒரு வீடிருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பிள்ளை செத்துப்போனது.

"ஏழு வயசு" என்றாள் பூங்கனி. சத்துணவு வரிசையில் பார்த்தால் சொல்லிவிடுவாள். "முன்பல்லு ரெண்டும் விழுந்து இன்னும் மொளைக்கல."

சந்தனமாரி படத்தை விரலால் தொட்டாள். "இவளுக்கு அக்கா ஒருத்தி இருக்கான்னு அப்பா இவகிட்ட சொல்லியிருக்காவம்மா" என்றாள்.

பூங்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் எங்கேயும் போய்விடவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதை எடுத்து இந்தப் பிள்ளைமேல் வைக்க முடியவில்லை. சிரிங்க என்று சொன்னதற்காகச் சிரித்திருந்தது, பல்லில்லாத வாயைத் திறந்து. தெரியாத ஊர், தெரியாத பாஷை, பின்வரிசையில் நிற்கிற பெரியவர்களில் ஒருவரும் அதற்குப் பழக்கமில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க ஒரு கையால் பூங்கனியின் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

"இவ்வளவு தூரம் தனியா வந்திருக்கு" என்றாள்.

தெற்கே ஒரு வீட்டில் கல்யாணமாகாமல் பெண்பிள்ளை செத்துப்போனால் அவளைக் கன்னி என்று வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். ஓர் ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, சீப்பு, வளையல், காதுக்குக் கம்மல் என்று வைத்து, வருஷத்துக்கொருமுறை புதிது மாற்றிக் கும்பிடுவார்கள். கன்னி அப்பன் வழி வீட்டுக்குத்தான் சொந்தம். விருந்து முடிந்து எல்லாரும் போனபிறகு ஞானக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டு, "நம்ம வீட்டுக் கன்னிதான், இல்லங்கல. அதுக்காவ நீ வைக்கணும்னு ஒண்ணும் கெடையாது பூங்கனி. உனக்கு அவன் செஞ்சதுக்கு நீ வைக்கவும் கூடாது. பெட்டிய நான் என் வீட்டுல வச்சுக்கிடுதேன்" என்றாள்.

"எம் முந்தியத்தான மதினி புடிச்சிருக்கா" என்றாள் பூங்கனி.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் ஆசாரி பட்டறையில் ஏறினாள். நெற்றியில் சின்னதாகச் சாந்துப் பொட்டு இருந்தது. குங்குமம் இல்லை. கைக்குட்டையில் முடிந்திருந்ததை அவிழ்த்து மரப்பலகைமேல் வைத்தாள், தவசிமுத்து கட்டிய தாலி.

ஆசாரி அதைத் தொடவில்லை. "யம்மா, அண்ணாச்சி உசுரோடதான் இருக்காவன்னு நேத்துலயிருந்து ஊரெல்லாம் பேச்சா கெடக்கு. ஆளு இருக்கும்போது இதக் கொண்டாந்து வச்சா நான் என்னன்னு கைவைக்க?"

"இருக்கட்டும். எங்கன இருக்காவளோ அங்கன நல்லா இருக்கட்டும். நீங்க இத உருக்குங்க."

"உருக்கி?"

"ஒரு ஜோடி கம்மல். சின்னதா, பூ வச்சு. திருகு காதுல உறுத்தக்கூடாது, இப்பத்தான் குத்தியிருக்கு, நூலுதான் போட்டிருக்கு."

ஆசாரி அவளை ஏறிட்டுப் பார்த்தான். படத்தைப் பற்றி அவனும் கேள்விப்பட்டிருப்பான், பட்டறைக்கு வராத பேச்சு ஊரில் உண்டா? ஆனாலும் அளவு கேட்காமல் நகை செய்ய முடியாதென்பதால், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"யாருக்கும்மா?"

"மூத்தவளக் கட்டிக் குடுத்தாச்சுல்லா ஆசாரி" என்றாள் பூங்கனி. "இது எளையவளுக்கு."